மூன்று துண்டுகளாகப் போன அக்கா

ஹட்டனில் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு கொமியூனிகேஷன் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபது வயது. உயர்தரப் பரீட்சை எழுதி முடித்து, ஆறு மாதம் கணினி வகுப்புக்கும் போய் வந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். இதை அந்தக் காலத்தில் யாரும் கேட்காமலேயே சொல்லிவிடுவேன். இப்போதும் அப்படித்தான் என்பது இதற்குள் தெரிந்திருக்கும்.

கடையில் போட்டோ பிரதி எடுப்பது, வெளிநாட்டுக்கு அழைப்புப் போட்டுக் கொடுப்பது, விண்ணப்பம் நிரப்புவது எல்லாம் உண்டு. ஆனால் என்னைத் தேடி ஆட்கள் வந்தது படத்துக்காகத்தான். கமரா வைத்த போன்கள் மலைநாட்டுக்கு வந்து சேர்ந்த புதிது. கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் பையன்கள் பண்டிகைக்கு ஊருக்கு வரும்போது சட்டைப் பையில் ஒன்று பாதி வெளியே தெரியும்படி வைத்திருப்பார்கள். திரை தீப்பெட்டி அளவுதான். உள்ளே இடம் அதைவிடக் குறைவு. நாலு பாட்டு, ஐந்தாறு படம் போட்டதும் "இடமில்லை" என்று எழுத்து வந்து நின்றுவிடும். ஒரு படத்தை ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்கு மெசேஜில் அனுப்ப வேண்டுமானால் அது முப்பது கிலோபைட்டுக்கு மேல் போகக்கூடாது. எங்கள் கடை ஸ்கேனரில் எடுக்கிற படமோ அதைவிடப் பல மடங்கு இருக்கும். அதைச் சுருக்கி, போனுக்குள் நுழைய வைப்பது என் வேலை.

சுருக்குவதற்கு இரண்டு வழி. ஒன்று, கணினியில் படத்தின் தரத்தைக் குறைப்பது. திரையில் ஒரு சின்னக் கம்பி இருக்கும். அதை இடது பக்கம் இழுக்க இழுக்கப் படத்தின் எடை குறையும். அளவோடு இழுத்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கூட இழுத்தால் முகம் முழுவதும் தரை ஓடு பதித்த மாதிரி சதுரம் சதுரமாகிவிடும். இன்னொரு வழி, வேண்டாத இடத்தை வெட்டி எறிவது. எதை வேண்டாத இடம் என்று முடிவு செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அது எனக்கு அப்போது தெரியாது.

இதை ஒரு நாள் வீட்டில் விளக்கினேன். அப்பாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில், கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில் வேலை. பச்சைக் கொழுந்தை நீளமான தட்டுகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றை ஏற்றி ஈரத்தை எடுக்கிற வேலை.

"தண்ணிய எடுத்தா எடை கொறையும். ஆனா கொழுந்து கொழுந்தாத்தான் இருக்கும். அதுதானே ஒன் வேலை?" என்றார் அப்பா.

"அதேதான்பா."

"கூட வாட்டிட்டா?"

"மூஞ்சி போயிரும்."

"எங்களுக்கும் அப்படித்தான். பொறவு தண்ணி தெளிச்சாலும் பச்சையா வராது."

அம்மாவுக்கு முப்பது என்ற கணக்கில்தான் கண். "முப்பது கிலோவா? மழையில நான் எடுக்குற கொழுந்தே அவ்வளவு வராது. சோப்புக் கட்டி மாதிரி இருக்குற போனு அதத் தாங்குமா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் படத்தைச் சுருக்குவதற்கு "வாட்டுறது" என்றே பெயர். நானும் கடையில் இருந்தபடி "ஒரு படம் வாட்டணும்" என்று சொல்லி, முதலாளியைக் குழப்பியிருக்கிறேன்.

எனக்கு ஆறு வயது மூத்த ஒரு அக்கா. அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள். அம்மாவுக்கு முதுகு வலி வந்து வேலைக்குப் போக முடியாமல் கிடந்த வருடம் அது. வீட்டையும் என்னையும் பார்த்துக்கொண்டாள். வயது வந்ததும் தோட்டத்தில் பெயர் பதிந்து மலைக்குப் போனாள். நான் நகரப் பாடசாலைக்குப் போவதற்கு வெள்ளைச் சப்பாத்து வாங்கித் தந்தது அவள். அவள் வெறுங்காலோடு கொழுந்தெடுக்கப் போவாள். நான் சப்பாத்துப் போட்டுப் பஸ்ஸுக்குப் போவேன். காலையில் பாதி வழி வரை இரண்டு பேரும் சேர்ந்துதான் நடப்போம். பாதை பிரிகிற இடத்தில், "சப்பாத்துல சேறு படாமப் போடி, தொரசாணி" என்பாள்.

அக்காவுக்கு இருபத்தாறு வயதாகியிருந்தது. முன்பு இரண்டு இடத்துக்குப் படம் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருவதற்கு முன்பு படம் போய்விடும். படம் பிடித்தால்தான் ஆட்கள் வருவார்கள். தோட்டத்து லயத்தில் எல்லா வீட்டுக் காம்பராவும் ஒரே வரிசையில் இருப்பதால், ஆட்கள் வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றால், இருபது வாசலுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். அதனால் படம் முதலில் போவது மரியாதை. அந்த இரண்டு இடமும் சரிவரவில்லை. அது கூடப் பரவாயில்லை, படங்கள் திரும்பி வரவே இல்லை. அம்மாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

"எம்புள்ள படம் எவன் வீட்டு அலமாரியில கெடக்குதோ! இனி என் உசுரு போனாலும் யாருக்கும் படம் குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் மாமா ஒரு இடம் கொண்டுவந்தார். அம்மாவின் தம்பி அவர். தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டுகிறவர். கினிகத்தேனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு மாப்பிள்ளை, கொழும்பில் புடவைக் கடையில் வேலை, தாய் தகப்பன் இல்லை, வளர்த்தது அவருடைய அக்கா, அந்த அக்காவும் கொழுந்தெடுக்கிறவர்தான், அவர் சொல்தான் அந்த வீட்டில் நடக்கும் என்றெல்லாம் மாமா சொன்னார். கடைசியில் ஒன்று சொன்னார்:

"கல்யாணத்துக்குப் பொறவு பொண்ணுக்குக் கொழும்புல இருக்கப் பிரியமா, தோட்டத்துலயே இருக்கப் பிரியமான்னு மாப்பிள்ளை கேக்குறாப்ல. அதக் கேட்டுச் சொல்லச் சொன்னாப்ல."

அக்கா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. அன்று படுக்கும்போது என்னிடம், "எனக்கு என்ன பிரியம்னு கேட்ட மொத ஆளுடி" என்றாள். இந்த இடம் தவறிவிடக்கூடாது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

மாப்பிள்ளையிடம் கமரா போன் இருந்தது. நான் அம்மாவிடம் வக்கீல் மாதிரிப் பேசினேன். "படத்தக் கையில குடுக்கவே வேணாம். போனுக்கு அனுப்பிடலாம். சரிவரலன்னா ஒரு பட்டனை அமுக்கினா அழிஞ்சு போயிரும். எவன் அலமாரியிலயும் கெடக்காது." அம்மா கொஞ்சம் யோசித்தார். "அழிஞ்சிருமா? நெசமாவே?" என்று மூன்று முறை கேட்டுவிட்டுச் சம்மதித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவும் மாமாவும் கடைக்கு வந்தார்கள். ஸ்டூடியோவில் முன்பே எடுத்த படம் ஒன்று மிச்சமிருந்தது. பிளாஸ்டிக் பூச்சாடி வைத்த ஸ்டாண்டில் ஒரு கையை ஊன்றி, அக்கா முழு உருவமாக நிற்கிற படம். அதில் அவளுக்குப் பிடித்தது மூக்குத்தி. சிவப்புக் கல் வைத்தது. அவளே ஆசைப்பட்டு வாங்கியது.

நான் படத்தை ஸ்கேன் செய்து, முப்பதுக்கு இறங்கும் வரை கம்பியை இழுத்து, திரையில் காட்டினேன்.

"என் மூக்குத்தி எங்கடி?" என்றாள் அக்கா.

"அது இதுக்குள்ளதான் இருக்கு."

"இதுல மூக்கே இல்லியே! மூக்குத்தி எங்கேருந்து இருக்கும்?"

உண்மைதான். முழு உருவத்தில் முகம் என்பது ஒரு சுண்டைக்காய் அளவு. அதை வாட்டியதும் நாலைந்து சதுரம்தான் மிஞ்சியது. அக்காவின் முகம் வாடியதைப் பார்த்ததும் எனக்கு ரோசம் வந்துவிட்டது. இவ்வளவு படித்து அக்காவுக்கு ஒரு மூக்குத்தி காட்ட முடியாதா? பூச்சாடியை வெட்டினேன். பின்னால் தொங்கிய திரையை வெட்டினேன். கழுத்துக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டினேன். மிஞ்சிய முகத்தை அவ்வளவாக வாட்ட வேண்டியிருக்கவில்லை. மூக்குத்தி மின்னியது. அக்கா சிரித்தாள்.

மாமா மட்டும் தலையைச் சொறிந்தார். "முழுசா இல்லாம அனுப்பலாமாடி?"

"மாமா, அதெல்லாம் அந்தக் காலம். இப்பல்லாம் மொகத்தத்தான் பாப்பாங்க."

"நீ படிச்ச புள்ள. ஒனக்குத் தெரியும்," என்றார் மாமா. அந்தச் சொல் எனக்கு எவ்வளவு இனித்தது! கடையிலிருந்த கமரா போனில் போட்டு, ஒரு அமுக்கில் மாப்பிள்ளைக்கு அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. நாலாவது வாரம், மழையோடு மழையாக மாமா வந்தார். லொறியை மேல் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு இறங்கி வந்தவர், உட்காரவும் இல்லை.

"மாப்பிள்ளைக்கு மனசுதான். போயா லீவுக்கு ஊருக்குப் போயி அவங்க அக்காகிட்ட போனக் காட்டியிருக்காப்ல. அந்த அம்மா பாத்துட்டு, 'மொகம் லட்சணமா இருக்கு, மத்தது எங்க?'ன்னு கேட்டிருக்கு."

"மத்தது எங்கன்னா?" என்றார் அம்மா.

"பொண்ணு படம்னா முழுசா, நின்ன மாதிரி இருக்கணும்ல. கழுத்தோட வெட்டி அனுப்புனா கீழ ஏதோ மறைக்கிறாங்கன்னுதானே அர்த்தம்? கால்ல ஏதும் கோளாறான்னு அந்தம்மா கேக்குது. கேக்குறதுல தப்பில்லக்கா. மலையில ஏறி எறங்குற குடும்பம்."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் பக்கத்தில் படத்தில் முதலில் பார்ப்பது, பெண் இரண்டு காலிலும் ஒழுங்காக நிற்கிறாளா என்பதைத்தான். முகம் அதற்கு அப்புறம். செங்குத்தான மலையில், முதுகில் கூடையோடு நாள் முழுக்க நிற்க வேண்டியவளுக்கு வேறு எதைப் பார்ப்பார்கள்? இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. லயத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். படித்த பிள்ளை என்று பெயர் எடுத்த பிறகு, தெரிந்ததை மறந்துவிட்டேன். அவ்வளவுதான்.

பேச்சு மாமாவோடு நிற்கவில்லை. கொழுந்து லொறி போகிற இடமெல்லாம் அதுவும் போனது. எங்கள் மலைக்கு வந்து சேர்ந்தபோது அக்காவுக்கு ஒரு கால் குட்டையாகிவிட்டிருந்தது. கொழுந்து நிறுக்கிற இடத்தில், அவளோடு பத்து வருடம் ஒரே நிரையில் கொழுந்தெடுத்த ஒரு பெண்ணே அவள் காலைக் குனிந்து பார்த்தாளாம். அதை வீட்டில் வந்து சொல்லும்போது அக்கா முதலில் சிரித்தாள். "பத்து வருசமா எனக்கு முன்னால மேல ஏறுனவ இல்ல அவ. என் காலப் பின்னாலேருந்து பாத்தவதானே!" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அட்டை கடித்த இடத்தில் சாம்பலைத் தேய்க்கத் தொடங்கினாள்.

நான் அழுதுகொண்டே, "என் தப்புதான். ஸ்டூடியோப் படத்தையே முழுசா அனுப்பிடறேன்" என்றேன்.

"அந்தப் படத்துல சேலை தரை வரைக்கும் மூடியிருக்கு. காலு எங்க தெரியுது?" என்றாள் அக்கா. "கடை போன ஒரு நாளைக்குக் கேட்டு எடுத்துட்டு வா. இங்கேயே எடு."

முதலாளி நல்லவர். ஞாயிற்றுக்கிழமை போனைத் தந்தார். மழை விட்டிருந்த ஒரு மணி நேரத்தில் அக்கா வெளியே வந்தாள். நல்ல சேலைதான் கட்டியிருந்தாள். ஆனால் வேலைக்குப் போகிற மாதிரி, கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தாள். லயத்திலிருந்து மலைக்கு ஏறுகிற கல் படியில் வெறுங்காலோடு ஏறி நின்றாள்.

"கல்யாணத்துக்கு அனுப்புற படமாடி இது? காலக் கழுவிட்டாவது நில்லு!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"இந்தக் காலுதானேம்மா போகப்போவுது," என்றாள் அக்கா. "நீ எடுடி."

எடுத்தேன்.

திங்கட்கிழமை கடைக்கு வந்து அந்தப் படத்தைக் கணினியில் போட்டு வாட்டினேன். முப்பதுக்கு இறங்கியதும் உற்றுப் பார்த்தேன். ஈரக் கல்லும் அக்காவின் பாதமும் ஏறக்குறைய ஒரே நிறம். வாட்டியதும் இடது கால் கல்லோடு கரைந்துபோய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு கால்! இதை மட்டும் அனுப்பியிருந்தால் அவ்வளவுதான், எங்கள் கதை முடிந்திருக்கும்.

மத்தியானம் வரை யோசித்தேன். வெட்டினால் சந்தேகம், வாட்டினால் கால் இல்லை. கடைசியில் இரண்டும் வேண்டாம் என்று முடிவு செய்து, படத்தை மூன்று துண்டாக்கினேன். தலையிலிருந்து நெஞ்சு வரை ஒன்று. நெஞ்சிலிருந்து முழங்கால் வரை ஒன்று. முழங்காலிலிருந்து பாதம் வரை ஒன்று. ஒவ்வொரு துண்டும் அவ்வளவாக வாட்டாமலேயே முப்பதுக்குள் நின்றது. ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததா என்று தெரிய வேண்டுமே. முதலாளியிடம் கேட்டுக்கொண்டு மாப்பிள்ளைக்கு அழைப்பு எடுத்தேன்.

மணி அடிக்கும்போதுதான் ஒரு சிக்கல் புரிந்தது. இவரை நான் என்னவென்று கூப்பிடுவது? கடைக்கு வருகிற ஆண்களை எல்லாம் "அண்ணா" என்பேன். இவரை அண்ணா என்றால் அக்காவுக்கும் அண்ணனாகிவிடுவார். மச்சான் என்றால் அதற்குள் கல்யாணமே முடிந்த மாதிரி. எதுவும் சொல்லாமல் பேசுவது என்று வைத்துக்கொண்டேன்.

"ஹலோ, ஹட்டன்லேருந்து பேசறேன். பொண்ணோட தங்கச்சி."

"எந்தப் பொண்ணுங்க?"

"எத்தன பொண்ணு இருக்காங்க ஒங்களுக்கு?"

அந்தப் பக்கம் யாரோ சேலைக்கு நிறம் கேட்கிற சத்தம் கேட்டது. பிறகு, "ஒன்னுதாங்க" என்று மெதுவாக ஒரு குரல்.

"படம் வந்துச்சா?"

"தலையும் தோளும் வந்திருக்குங்க. அடுத்தது வரல. இடமில்லன்னு சொல்லுது."

"முன்னால அனுப்பின மொகத்த அழிச்சிடுங்க."

"இந்தத் தலை வரணும்னுதான் அத அழிச்சேங்க."

"அப்ப போனுக்குள்ள வேற என்னதான் இருக்கு?"

"ஒரு வீடியோ இருக்குங்க."

"அத அழிங்க."

"அது முடியாதுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கக்காவ விட முக்கியமான வீடியோவா?"

"அப்படி இல்லீங்க..." கொஞ்சம் தயங்கினார். "காமன் கூத்துங்க. போன மாசியில எங்க தோட்டத்துல ஆடுனது. நான் ரதி கட்டுனேன். மறுபடி அது கெடைக்காதுங்க."

மன்மதன் கதையை ஆடுகிற காமன் கூத்தில் ரதி வேஷத்தை ஆண்கள்தான் கட்டுவார்கள். அதைக் கட்டுவது பெரிய மரியாதை, விரதம் இருந்து கட்ட வேண்டும். அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"நீங்க மட்டும் சேலை கட்டி, தலையிலேருந்து காலு வரைக்கும் முழுசா நிப்பீங்க. எங்கக்காவுக்குக் காலு இருக்கான்னு தேடுவீங்களா?"

அவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். "நான் தேடலீங்க. எங்கக்காதான் தேடுது."

அதன் பிறகு வேலை சுலபமாக நடந்தது. ஒரு துண்டுக்குத்தான் இடம். ஒன்றைப் பார்த்து அழித்தால்தான் அடுத்தது வரும். தலையை அழிக்கச் சொன்னபோது, "மனசு வரலீங்க" என்றார். "இங்க பெரிசா பத்திரமா இருக்கு, எத்தன தடவ வேணும்னாலும் அனுப்பலாம்" என்று நான் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்ல வேண்டியிருந்தது. அழித்தார். நடுத்துண்டு போனது. புடவைக் கடையில் வேலை செய்கிறவர் அல்லவா, அதைப் பார்த்ததும், "இது வொயில் சேலைங்க. கொசுவம் நல்லா வச்சிருக்காங்க" என்றார். பிறகு அதையும் அழித்தார். மூன்றாவது துண்டும் போனது.

"வந்துச்சா?"

"வந்துச்சுங்க."

"ரெண்டும் இருக்கா?"

"ரெண்டும் இருக்குங்க." பிறகு, "அட்டை கடிச்சிருக்கு" என்றார்.

"மழைக்காலம்ல."

"எங்கக்கா காலும் இப்படித்தாங்க இருக்கும்."

நாளைக்கு மறுநாள் பௌர்ணமி, போயா விடுமுறை, ஊருக்குப் போகிறேன் என்றார். அவருடைய அக்கா வீட்டுப் பக்கம் சிக்னல் கிடையாது. அங்கே போன பிறகு வேறு படம் அனுப்பி வாங்க முடியாது. போனில் இப்போது எது இருக்கிறதோ அதைத்தான் காட்ட முடியும். நான் பயந்துபோய், "தலையத் திருப்பி அனுப்பட்டுமா? காலை மட்டும் எப்படிக் காட்டுவீங்க? மொகம் லட்சணமா இருக்குல்ல?" என்றேன்.

"வேணாங்க. மொகத்த அக்கா பாத்துடுச்சு. அது கேட்டது காலதானே? இதுவே இருக்கட்டும்."

"சரிங்க மச்சான்," என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலாளி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

வீட்டில் எதைச் சொல்வது? காலை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார் என்று சொன்னபோது அம்மா, "முன்னாடி தலைய மட்டும் அனுப்புன, இப்ப கால மட்டுமா? எம்புள்ள என்ன, ஆட்டெறச்சியா?" என்று கத்தினார். அந்த இரண்டு நாளும் அக்கா குளித்துவிட்டு வந்து, காலை ஒரு கல்லால் தேய்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். படம்தான் போய்விட்டதே, இனித் தேய்த்து என்ன என்று கேட்க வாய் வரவில்லை.

போயாவுக்கு அடுத்த நாள் மாமாவின் லொறிச் சத்தம் கேட்டதும் நாங்கள் மூன்று பேரும் படிக்கு ஓடினோம். அப்பா மட்டும் வாசலிலேயே நின்றார். மாமா இந்த முறை ஆற அமர இறங்கி வந்தார். தேத்தண்ணி கேட்டார். பாதி குடித்துவிட்டுத்தான் சொன்னார்.

மாப்பிள்ளையின் அக்கா வேலை முடிந்து வந்து, கூடையை இறக்காமலேயே போனை வாங்கிப் பார்த்திருக்கிறார். வெளிச்சம் போதாது என்று வாசலுக்குக் கொண்டுபோய், போனைத் தரையில் வைத்து, அதற்குப் பக்கத்தில் தன் காலையும் வைத்துப் பார்த்திருக்கிறார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாராம்.

"அப்புறம் என்ன சொல்லிச்சு?" என்றார் அம்மா.

"'இது மலை ஏறுன காலு. என் காலு மாதிரியே இருக்கு. இதக் கழுவாமக் காட்டியிருக்கான்னா, அவ ஒன்னையும் மறைக்கிறவ இல்ல. ஞாயித்துக்கெழம போவோம்'னு சொல்லிடுச்சு."

அம்மா என் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டார். சந்தோஷத்தில் அவருக்கு அப்படித்தான் கை நீளும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அக்கா தேத்தண்ணித் தட்டோடு காம்பராவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நடந்து வந்தாள். தேவையில்லாமல் ஒரு முறை திரும்பிப் போய்ச் சீனிப் போத்தலை எடுத்துக்கொண்டு மறுபடி நடந்து வந்தாள். மாப்பிள்ளையின் அக்கா அதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "போதும் தாயி, ஒக்காரு. காலு ரெண்டும் நல்லாத்தான் வேலை செய்யிது" என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "இந்த மூக்குத்தி மொதப் படத்துலயே தெரிஞ்சுச்சு. சிவப்புக் கல்லு" என்றார்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் வைத்திருக்கிறேன். அதைச் சுருக்க வேண்டிய தேவை வரவில்லை.

அந்த நல்ல நேரத்தில் நான் எழுந்து, கழுத்தோடு வெட்டியது நான்தான், அக்காவுக்கோ அம்மாவுக்கோ அதில் பங்கில்லை என்று சொல்லிவிட்டேன்.

"நீதானா அது?" என்றார் அவர். "நீதான் படிச்ச புள்ளன்னு சொன்னாங்களே?"

"ஆமாங்க."

"அதுசரி. படிக்காதவளா இருந்தா யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருப்ப."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாதான் அதிகமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சொன்னது சரி. அதனால் என் படிப்பின் மேல் எனக்கிருந்த பெருமை குறைந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். மூன்றாக வெட்டலாம் என்று தோன்றியதும் அந்தப் படிப்பால்தானே?

தை மாதம் கல்யாணம் நடந்தது. அக்கா தோட்டத்திலேயே இருக்கத்தான் பிரியம் என்று சொல்லியிருந்தாள். அப்படியே கினிகத்தேனைப் பக்கம் போய், நாத்தனாரோடு ஒரே மலையில் கொழுந்தெடுத்தாள். கல்யாணப் படங்களில் ஒன்றை, இரண்டு பேரும் மாலையோடு நிற்பதை, நான் பக்குவமாக வாட்டிக் கடை போனில் ஏற்றி, சிக்னல் வேண்டாத புளூடூத்தில் மச்சானின் போனுக்குப் போட, அம்மாவோடு அக்கா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். போனில் இடமில்லை. உள்ளே இரண்டே இரண்டுதான் இருந்தன. அக்காவின் கால். காமன் கூத்து வீடியோ.

அம்மா அதைப் பார்த்துவிட்டு என் காதில், "வேலைதான் முடிஞ்சிருச்சே, அந்தக் கால் படத்த அழிக்கச் சொல்லுடி. கொழும்புக் கடையில நாலு பேரு பாப்பாங்க, அசிங்கம்" என்றார். நான் சொல்லிப் பார்த்தேன். மச்சான் தலையை ஆட்டி, போனை வாங்கி, இரண்டு பட்டனை அமுக்கித் திருப்பித் தந்தார். கல்யாணப் படம் நல்லபடியாக ஏறியது. பிறகுதான் பார்த்தேன், கால் அங்கேயே இருந்தது. ரதியைக் காணோம்.

"வீடியோவையா அழிச்சீங்க? மறுபடி கெடைக்காதுன்னு சொன்னீங்களே!"

"அது நான்தானே," என்றார் மச்சான்.

அக்கா உள்ளேயிருந்து பாய்ந்து வந்தாள். "என்னது? அழிச்சாச்சா? நான் இன்னும் பாக்கவே இல்லியே! சேலை கட்டின ஆள ஒரு தடவையாவது பாக்கலாம்னு இருந்தேன். யாரக் கேட்டு அழிச்சீங்க?" அன்று முழுவதும் மச்சானோடு பேசவில்லை. அடுத்த மாதம் மாசி. மறுபடி விரதம் இருந்து ரதி கட்டுகிறேன் என்று அவர் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்த பிறகுதான் சோறு போட்டாள்.

சொன்னபடியே கட்டினார். நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். சாயங்காலம், கூத்துத் தொடங்குவதற்கு முன்பு, கோயில் பக்கத்தில் வேஷம் முடிந்து அவர் வெளியே வந்து நின்றார். சிவப்புச் சேலை, காதில் தோடு, மூக்கில் ஒட்ட வைத்த கல். அக்கா அவருக்கு முன்னால் போய் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தலையிலிருந்து கால் வரை நிதானமாக ஒரு முறை பார்த்தாள். நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"மதினி, மொகம் லட்சணமாத்தான் இருக்கு," என்றாள். "காலுதான் கொஞ்சம் கோணல். எதுக்கும் யோசிச்சுச் சொல்றோம்னு சொல்லிடுங்க."